லோர்னாவின் லேசான துப்பாக்கி

கார்னெட்டுக்கு ஐம்பத்தாறு வயதான வருஷம்தான் மலையேற்றத்தில் அவளை முதன்முதலாக ஒரு ஆள் முந்தியது. அந்த ஆள் வேறு யாராவதாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். சொந்தத் தங்கை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நானும் கார்னெட்டும் மாவட்டச் சாலைத் துறையில் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். கொலராடோவின் மேற்குச் சரிவில் எங்கள் ஊர். பனிக்காலத்தில் கணவாய்ப் பாதையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவோம். கோடையில் மண் சாலைகளைச் சமன் செய்வோம். பெண் ஒருத்தி அந்த லாரியில் ஏறியபோது கேலி பேசியவர்கள் உண்டு. பனிச்சரிவில் சிக்கிய கேலிக்காரர்களில் இரண்டு பேரை அவளே சங்கிலி போட்டு இழுத்து வெளியே விட்டாள். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

வேட்டையிலும் அப்படித்தான். எங்கள் பக்கம் செப்டம்பரில், சாதாரணத் துப்பாக்கிக்காரர்கள் வருவதற்கு முன்னால், குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு இடித்துச் சுடுகிறவர்களுக்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்குவார்கள். குலுக்கலில் பெயர் வந்தால்தான் அனுமதி. தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடி எதுவும் துப்பாக்கியில் இருக்கக் கூடாது. ஒரு முறை சுட்டுவிட்டால் மறுபடி மருந்து இடித்துத்தான் அடுத்தது. ஆனால் மலை அப்போது அமைதியாக இருக்கும், எல்க் என்கிற பெரிய மலைமானின் ஆண்கள், நாங்கள் கொம்பன் என்போம், இணை தேடிக் கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கூவல் ஒருமுறை காதில் விழுந்தவர்கள் மீதி வருஷம் முழுவதும் அதைத்தான் பேசுவார்கள்.

கார்னெட்டின் துப்பாக்கி அடகுக் கடையில் வாங்கியது. தடித்த இரும்புக் குழல், பத்துப் பவுண்டு கனம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஏறினால் பின்னால் போகிறவர்களுக்கு அவள் பூட்ஸின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் அப்படிப் பின்னால் போகிறவள் லோர்னா. ஆறு வயது இளையவள், ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அக்கா மேட்டின் உச்சியில் நின்று, "என்னடி, கடையத் தெறந்து வச்சிட்டு வந்துட்டியா? அடிக்கடி திரும்பித் திரும்பிப் பாக்குற?" என்று கத்துவாள். லோர்னா மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் லோர்னா ஒரே ஒரு பெண் எல்க் அடித்திருக்கிறாள். கார்னெட் அடித்ததை ஊரே எண்ணி வைத்திருந்தது.

லோர்னா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டது வெண்டல் என்பவனை. வெந்நீர்த் தொட்டி விற்பவன், கை தாராளம். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பின்கட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது நீளமான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே புதுத் துப்பாக்கி. இதுவும் குழலின் வாய் வழியாக மருந்து போடுவதுதான், ஆனால் மெல்லிய உருக்குக் குழலின் மேல் கார்பன் நார் சுற்றியது. தோளில் ஊன்றும் கட்டையும் மரமில்லை. எங்கோ ஒரு சின்னப் பட்டறையில், சொல்லிவைத்துச் செய்வித்தது. அந்த விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய பிக்கப் வண்டியே வாங்கலாம்.

"அக்கா, தூக்கிப் பாரேன்" என்று நீட்டினாள் லோர்னா.

கார்னெட்டின் கை கனத்தை எதிர்பார்த்துத் தூக்கியதால் துப்பாக்கி தலைக்கு மேலே போய்விட்டது. எல்லோரும் சிரித்தோம்.

"இதென்ன, தொடப்பமா? வீடு பெருக்கவா வாங்கிக் குடுத்தீங்க மாப்ள?"

"ஆறு பவுண்டுகூட இல்ல அண்ணி" என்றான் வெண்டல். "உங்களோடது பத்து இருக்கும்ல?"

"என்னோடது துப்பாக்கி மாப்ள. அப்படித்தான் இருக்கும்."

அதற்கும் சிரித்தோம். ஆனால் அவள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்ததை நான் கவனித்தேன். கட்டையைக் கன்னத்தில் பதித்து வேலிக்கு அப்பால் எதையோ குறி பார்த்தாள். அவளுக்கு வலது தோள் இரண்டு வருஷமாக வலி. பனி லாரியின் கியரைப் போட்டுப் போட்டு வந்தது. யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்தத் தோளில் அது இறகு போலக் கிடந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் வண்டியில் அவள் பேசவே இல்லையாம். கணவன் டாயில் கேட்டிருக்கிறான், "என்ன, நெஞ்செரியுதா?"

"உருளைக்கெழங்கு சாலட்ல கடுகு ஜாஸ்தி."

டாயில் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். மலை ஏற முடியாது. கூடாரத்தில் சமைப்பான். குறைவாகப் பேசுவான், எல்லாம் தெரிந்துவைத்திருப்பான்.

அந்தக் கோடை முழுக்கக் கார்னெட்டுக்கு ஒரே பேச்சு. பெட்ரோல் போடும் இடத்தில், சர்ச் வாசலில், எங்கள் கொட்டகையில், யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்தினாள். "லேசான துப்பாக்கி உதைக்கும் பாரு, கழுத மாதிரி." "காத்தடிச்சா ஆடும்." "மானுக்கு வெலப்பட்டியலப் படிக்கத் தெரியுமா? அது எதால அடிச்சாலும் சாகும்." அவள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மைதான். பொறாமைக்காரி சொல்கிற உண்மைக்கு ஊரில் மதிப்பு கிடையாது, அதுதான் சிக்கல்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் போனை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அதே பட்டறையின் துப்பாக்கிப் படங்கள்.

"என்ன பாக்குற?"

"வானிலை" என்று கவிழ்த்துவைத்தாள்.

டாயிலும் பார்த்திருக்கிறான். "வாங்கிக்கயேன். உன் ஓவர்டைம் காசு சும்மாதானே கெடக்கு. அந்தத் தோளோட எத்தன நாளைக்கு இழுப்ப?" என்றானாம்.

"வாங்குனா என்ன சொல்வாங்க தெரியுமாய்யா? தங்கச்சியப் பாத்து அக்கா வாங்கிட்டான்னு சொல்வாங்க. இந்த ஊர்ல என்னப் பாத்துத்தான் எல்லாரும் வாங்கணும்."

"அப்ப தோள் வலி யாருக்கு?"

"எனக்கு. உனக்கென்ன?"

ஆகஸ்டில் சரளைக்கல் குழியில் சுட்டுப் பழகினார்கள். நானும் போயிருந்தேன். பட்டறைக்காரன் சொன்ன முழு அளவு மருந்தையும் வெண்டல் அளந்து கொட்டிக்கொடுத்தான். லோர்னா சுட்டாள். புகை விலகியபோது அவள் ஓர் அடி பின்னால் நின்றிருந்தாள். முதல் குண்டு காகிதத்தின் நடுவில். இரண்டாவது கொஞ்சம் கீழே. அடுத்தது இன்னும் கீழே. சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்துக்கொண்டாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கார்னெட்டுக்குப் புரிந்துவிட்டது. விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பு லோர்னா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். உதைக்கப் போகிறது என்று தெரிந்த உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, குழலின் வாய் தாழ்கிறது. இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. மருந்தைக் குறைத்து, தோளில் தடித்த ரப்பர் பட்டை வைத்து, கொஞ்ச நாள் பொறுமையாகப் பழகினால் போய்விடும்.

லோர்னா ஒவ்வொரு முறை சுட்டதும் அக்காவின் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் ஓட்டப் பழகியதிலிருந்து முதல் புருஷனை விரட்டியது வரை அக்கா சொல்லித்தான் அவள் எதையும் செய்தாள். கேட்காமலே சொல்கிற அக்கா.

"எப்படிக்கா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கார்னெட். துணியை எடுத்துத் தன் துப்பாக்கியின் குழலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் குலுக்கலில் இரண்டு பேருக்குமே கொம்பன் அனுமதி விழுந்திருந்தது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிய நேரம். டாயிலும் நானும் ஓடைக்கரையில் கூடாரம் அடித்துச் சமைத்தோம். ஏதாவது விழுந்தால் இறைச்சி சுமக்க நான். அக்காவும் தங்கையும் ஆரஞ்சுச் சட்டையும் ஆரஞ்சுத் தொப்பியும் போட்டுக்கொண்டு விடியலில் ஏறினார்கள்.

முதல் நாளே லோர்னா முன்னால் போனாள். கார்னெட் பக்கவாட்டில் வேறு வழி பிடித்துப் போவது போல நடித்தாள். மறுநாள் நடிக்க முடியவில்லை. உச்சியிலிருந்து லோர்னா கைகாட்டிக் கூப்பிட்டாள், "வாக்கா, மெதுவா வா, அவசரமில்ல!" அன்போடுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் கூடாரத்துக்கு வந்த கார்னெட் பீன்ஸ் குழம்பைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு, "மெதுவா வாவாம்" என்று டாயிலிடம் சொன்னாள். "யாருகிட்ட? எங்கிட்ட!"

பிறகு ஒரு காலையில் மேட்டின் அந்தப் பக்கம் கொம்பன் கூவியது. லோர்னா துப்பாக்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டி போலப் பாறைகளில் ஏறிப் போய்விட்டாள். கார்னெட் பாதி மேட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வெடிச்சத்தம் கேட்டது. முதலில் அவள் மனதில் என்ன வந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். 'தப்பிப் போயிருக்கட்டும்' என்பதுதான் வந்தது.

உச்சிக்குப் போனால் லோர்னா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"கிட்டத்துலதான்க்கா நின்னுச்சு. நெஞ்சுக்குத்தான் வச்சேன். முன்னங்கால்ல பட்டுருச்சு. நொண்டிக்கிட்டே எறங்கிருச்சு."

புல்லில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கீழே இருட்டுக்காட்டுக்குள் போயிருந்தது. விழுந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் செங்குத்துச் சரிவு. அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். லோர்னா மறுபடி மருந்து போடப் பார்த்தாள், அது குழலுக்குள் போகாமல் மடியில் கொட்டியது.

கார்னெட் தங்கையின் துப்பாக்கியைப் பிடுங்கினாள். அதில் மருந்து போட்டு, குண்டு வைத்து இடித்தாள். "என்னோடத நீ தூக்கிட்டுப் பின்னால வா."

அழுகைக்கு நடுவிலும் லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப மட்டும் தொடப்பம் வேணுமா?"

"வேணும்டி. கனத்தத் தூக்கிட்டு இந்த மரத்தையெல்லாம் நான் தாண்ட முடியாது."

அந்தக் கோடை முழுக்கப் பேசிய பேச்சை அந்த ஒரு வார்த்தையில் அவளே அழித்துவிட்டாள். அப்படித் தோன்றியதாம் அவளுக்கு, முதல் மரத்தைத் தாண்டும்போதே. அந்தத் துப்பாக்கி கையில் இருப்பதே தெரியவில்லை. குனிந்து போக முடிந்தது, ஒரு கையால் கிளையைப் பிடிக்க முடிந்தது, தோள் முனகவில்லை. 'இவ்வளவு நாள் இவள் இப்படியா நடந்துகொண்டிருந்தாள்' என்று நினைத்ததும் வயிறு மறுபடி எரிந்தது. அடிபட்ட மானைத் தேடிப் போகும்போதுகூட.

கொம்பன் ஊற்றங்கரையில் தலை தாழ்த்தி நின்றது. கார்னெட் முட்டி போட்டுக் குறி வைத்தாள். அங்கேதான் லேசின் மறுபக்கம் தெரிந்தது. பத்துப் பவுண்டு இரும்பு தன் கனத்தாலேயே அடங்கி நிற்கும். இது அவள் மூச்சுக்கும் ஆடியது, இதயத் துடிப்புக்கும் ஆடியது. சாய்ந்த மரத்தின் மேல் குழலை வைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து சுட்டாள். உதைத்த உதையில் வலித்தோளில் மின்னல் அடித்தது. புகை கலைந்தபோது கொம்பன் ஊற்றில் சாய்ந்து கிடந்தது.

எங்கள் சட்டப்படி கொன்றவரின் அனுமதிச் சீட்டைத்தான் மானுக்குக் கட்ட வேண்டும். லோர்னா பெரிய துப்பாக்கியைச் சுமந்து, முழங்காலெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அக்கா தன் சீட்டைக் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுவும் உன்னோடதா?" என்றாள் லோர்னா.

"சட்டம்டி."

"சட்டம் எப்பவும் உன் பக்கந்தானே இருக்கும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இறைச்சி கெடுவதற்குள் தோலை உரித்தாக வேண்டும். அதனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு, கத்தி ஓட ஓடச் சண்டை போட்டார்கள். லோர்னா இத்தனை வருஷமாக அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள்.

"வெண்டல்கிட்ட இத நான்தான் கேட்டு வாங்குனேன். தெரியுமா? ஒரு தடவயாவது உனக்கு முன்னால உச்சில போயி நிக்கணும்னு. உன் பூட்ஸப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிருச்சு."

"நின்னியே. நின்னு என்ன பண்ணுன? கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா காலுலதான் படும்."

லோர்னாவின் கத்தி நின்றது. "நான் கண்ண மூடுனத நீ எப்பப் பாத்த? நீதான் கீழ இருந்தியே."

கார்னெட் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"கல்லுக்குழியில பாத்தியா?"

"ம்."

"பாத்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு'ன்னியா?"

ஈக்கள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. லோர்னா எழுந்து ஊற்றில் கை கழுவினாள். பிறகு பின்தொடையை அறுத்துத் துணிப்பையில் போட்டு, முதுகில் ஏற்றிக்கொண்டு கூடாரத்துக்கு இறங்கினாள். மீதி இறைச்சியை நானும் கார்னெட்டும் சுமந்து சேர்த்தோம். லோர்னா தன் பங்கை வாங்க வரவில்லை. டாயில் கொண்டுபோய்க் கொடுத்ததை வெண்டல் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஊரில் எல்லோரும் வழக்கம்போலக் கார்னெட்டின் முதுகில் தட்டினார்கள். "மறுபடியும் நீதானா!" "ஆமா" என்பாள். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு லோர்னா வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. கார்னெட்டின் முடி காது தாண்டி, கழுத்து தாண்டி வளர்ந்தது. வேறு கடைக்குப் போக அவளுக்கு மனமில்லை. பனி லாரியில் ஏறும்போதெல்லாம் அதைத் தொப்பிக்குள் திணிக்கப் படாத பாடு பட்டாள்.

மார்ச்சில் ஒருநாள் வேலை முடிந்ததும் நேரே லோர்னாவின் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லோர்னா துணியைக் கழுத்தில் கட்டினாள். "எவ்வளவு?"

"உன் இஷ்டம்."

"மொட்டையடிச்சிருவேன்."

"அடி."

கத்தரி கொஞ்ச நேரம் ஓடியது. கண்ணாடியில் தங்கையைப் பார்த்துக் கார்னெட் சொன்னாள், "வயித்தெரிச்சல்டி. உன்னப் பாத்து. அந்தச் சனியன் என் கைல இருக்கணும்னு நெனச்சேன், உன் கைல இருந்துச்சு. அதான் வாயத் தெறக்கல."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் லோர்னா. "ஆனா மான் நொண்டுச்சே அக்கா. அதத்தான் என்னால மறக்க முடியல."

கார்னெட் எழுந்து கழுத்தைத் தட்டிவிட்டு, "ஞாயித்துக்கெழம அதக் கொண்டா. மருந்த நான் அளக்குறேன்" என்றாள்.

வசந்தம் முழுக்க அவர்களைக் கல்லுக்குழியில் பார்க்கலாம். மருந்தை வெகுவாகக் குறைத்தாள் கார்னெட். திரும்பி நின்றுகொண்டு, சில தடவை மருந்தே போடாமல் லோர்னாவிடம் கொடுப்பாள். லோர்னா விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். வெடிக்காத துப்பாக்கியின் வாய் தாழ்வதை லோர்னாவே தன் கண்ணால் பார்ப்பாள். "பாத்தியா, யார் உதைக்கிறது? துப்பாக்கியா நீயா?" என்று கத்துவாள் அக்கா. ஜூலைக்குள் தாழ்வது நின்றது.

அந்த வருஷக் குலுக்கலில் லோர்னாவுக்கு மட்டும் அனுமதி விழுந்தது. கார்னெட் துணைக்குப் போனாள். வெறுங்கையோடு அவள் அந்த மேட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. பத்துப் பவுண்டும் இல்லை, ஆறு பவுண்டும் இல்லை. இந்தத் தடவை காட்டிவிடலாம் என்றுதான் கிளம்பினாள். பாதி மேட்டிலேயே லோர்னா முன்னால் போய்விட்டாள். கார்னெட் ஒரு பாறையில் உட்கார்ந்து, கனமே இல்லாத தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். துப்பாக்கியைக் குறை சொல்ல வழியில்லை. போன வருஷம் லோர்னா முந்தியதற்கும் துப்பாக்கி மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்ததாம்.

லோர்னா அன்று கண்ணைத் திறந்தே சுட்டாள். கொம்பன் நின்ற இடத்திலேயே விழுந்தது. அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கார்னெட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள். "பொறாமயாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கு போல."

இப்போது யாராவது அவளிடம் வந்து, அவ்வளவு விலை கொடுத்து லேசான துப்பாக்கி வாங்குவது தகுமா என்று கேட்டால், முன்பு போலக் கேலி செய்வதில்லை. "எங்க ஏறப் போற?" என்று கேட்பாள். "வண்டி நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து சுடுறதுன்னா வேணாம். எங்க மேட்டுல ஏறணும்னா வாங்கு. ஆனா சுட்டுப் பழக ஒரு கோடை முழுக்க வேணும், அது அந்த வெலையில சேராது." அவளே பிறகு அதே மாதிரி லேசான துப்பாக்கியில் பழசு ஒன்றைத் தேடி வாங்கினாள். லோர்னாவுடையதைவிடக் கனம் அரைப் பவுண்டு குறைவு என்பதை எல்லோரிடமும் சொன்னாள்.

லோர்னாவின் கொம்பனை வெட்டிப் பொட்டலம் கட்ட இறைச்சிக் கடைக்கு நாங்கள்தான் கொண்டுபோனோம். கடைக்காரர் கொம்பைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, கார்னெட், மறுபடியும் நீதானா?" என்றார்.

கார்னெட் தான் சுமந்த இறைச்சிப் பையைத் தராசில் இறக்கினாள்.

"இல்ல. என் தங்கச்சி அடிச்சது" என்றாள். "பேர சரியா எழுதிக்க. லோர்னா."